கிராண்ட் கேன்யன் சரிவுகளில் பாலைப் புதர்களைப் படிப்பது எப்படி? புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரிசோனாவின் கிராண்ட் கேன்யனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. சிவப்பும் வெளிர் மஞ்சளுமாக அடுக்கடுக்காக இறங்கும் அந்தச் சுவர்களுக்கு முன்னால், சரிவில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் சாம்பல் நிறப் புதர்கள் யார் கண்ணில் படும்? பட்டாலும் எல்லாம் ஒரே மாதிரி காய்ந்த செடிகளாகத்தான் தெரியும்.

கொஞ்சம் பழகினால் அப்படித் தெரியாது. எந்தப் புதர் எந்தச் சரிவில் நிற்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால், தடத்தின் அடுத்த வளைவைத் தாண்டும் முன்பே அங்கே என்ன இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: செடிகளின் பெயர்களிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்தப் பூங்காவில் இருக்கும் தாவர வகைகள் ஆயிரத்துக்கு மேல். பட்டியலோடு போனால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். அதற்குப் பதிலாக, நிற்கும் இடத்தைப் பற்றி நான்கு கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு உயரம்? சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது? காலடியில் என்ன பாறை? தண்ணீர் எங்கே சேர்கிறது? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் செடிகளின் பெயர்கள் தாமாக வந்து சேரும்.

கிளம்பும் முன்

காலம் முக்கியம். மார்ச் பாதியிலிருந்து மே தொடக்கம் வரை போவது நல்லது. குளிர்கால மழையும் பனியும் மண்ணில் விட்டுச்சென்ற ஈரத்தில் பெரும்பாலான புதர்கள் அப்போதுதான் பூக்கும். அக்டோபரும் நல்ல மாதம். ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரை பிற்பகல்களில் இடி மழை வரும். இந்தப் பகுதிக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம்: குளிர்காலத்தில் பசிபிக்கிலிருந்து வரும் மெதுவான மழை, கோடையில் தெற்கிலிருந்து வரும் திடீர் மழை. இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்த செடிகள்தான் இங்கே நிலைத்திருக்கின்றன.

கோடையில் கீழே இறங்கிச் செடி பார்க்கும் எண்ணம் வேண்டாம். ஜூலையில் தெற்கு விளிம்பின் சராசரி அதிகபட்ச வெப்பம் 29 டிகிரி செல்சியஸ்தான். அதே நாளில் ஆற்றங்கரையில் 41 டிகிரி இருக்கும். இறங்கும்போது உடம்புக்குத் தெரியாது, ஏறும்போதுதான் தெரியும். கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை உள்பள்ளத்தாக்கில் நடக்க வேண்டாம் என்றும், ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப முயல வேண்டாம் என்றும் ரேஞ்சர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். செடி பார்க்கிறவர்கள் நின்று நின்று போவதால் இன்னும் நேரமாகும். அதைக் கணக்கில் வையுங்கள்.

தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் தடங்களில் புதியவர்களுக்கு ஏற்றவை இரண்டு. சவுத் கைபாப் தடம் ஒரு மலைமுதுகின் மேலேயே போகிறது. அதனால் இரு பக்கச் சரிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் வழியில் தண்ணீரும் கிடையாது, நிழலும் அரிது. 1.5 மைலில், அதாவது 2.4 கிலோமீட்டரில், சீடர் ரிட்ஜ் வரும். 3 மைலில் ஸ்கெலிட்டன் பாயின்ட். முதல் முறை சீடர் ரிட்ஜோடு திரும்பினால் போதும். பிரைட் ஏஞ்சல் தடம் ஒரு பழைய நிலப்பிளவின் வழியே இறங்குவதால் நிழல் கூடுதல். 4.5 மைலில் ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற ஊற்றுப் பகுதி இருக்கிறது. தண்ணீர்க் குழாய்கள் சில சமயம் பழுதாகும், தடங்களும் மூடப்படும். கிளம்பும் காலையில் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கையில் ஒரு சின்ன நோட்டு, பென்சில், திசைகாட்டி, ஒரு பைனாகுலர். திசைகாட்டியும் உயரம் காட்டும் வசதியும் போனில் இருந்தால் போதும். சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இலைகளின் மேலுள்ள முடிகளைப் பார்க்க உதவும்.

விளிம்பில் நின்று திசையைப் படியுங்கள்

உடனே இறங்க வேண்டாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், தெற்கு விளிம்பில் உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குட்டையான பின்யன் பைன், முறுக்கிய தண்டுடன் யூட்டா ஜூனிபர், இடையிடையே கிளிஃப்ரோஸ் என்ற மணமுள்ள புதர், சில இடங்களில் உயரமான பாண்டரோசா பைன். கீழே பார்க்கப்போவதை இந்தக் காட்டோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

இப்போது விளிம்புக்குச் சற்றுக் கீழே பாருங்கள். நிழலான மூலைகளில் டக்ளஸ் ஃபிர் மரங்கள் தெரியும். அது குளிர்ந்த, ஈரமான மலைக்காட்டு மரம். கீழே போகப்போக வெப்பம் கூடும் என்றால், மேலே விளிம்பில் இல்லாத குளிர்நாட்டு மரம் கீழே எப்படி வந்தது?

திசைதான் காரணம். பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருக்கும் இந்த இடத்தில் சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே போகிறது. தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் சரிவு வடக்கைப் பார்க்கிறது. அங்கே வெயில் சாய்வாக விழும், குளிர்காலத்தில் சில மூலைகளில் விழவே விழாது. பனி மெதுவாக உருகும், மண்ணில் ஈரம் நீடிக்கும். எதிரே வடக்கு விளிம்பின் கீழுள்ள சரிவுகள் தெற்கைப் பார்க்கின்றன. வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட 300 மீட்டருக்கு மேல் உயரம், மழையும் பனியும் அங்கே அதிகம். ஆனாலும் அதன் கீழே தெற்கு நோக்கிய சரிவுகளில் பாலைப் புதர்கள் மேலே வெகுதூரம் ஏறிவந்து நிற்கின்றன.

சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே போகும் நம் ஊர்ப் பக்கத்தில் இந்த வடக்கு, தெற்கு வித்தியாசம் இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. கிராண்ட் கேன்யன் 36 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதனால் இது நமக்குப் புதிதாகப் பழக வேண்டிய பார்வை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் திசைகாட்டியைப் பார்த்து நோட்டில் 'வடக்கு', 'தென்மேற்கு' என்று எழுதுங்கள். தென்மேற்குச் சரிவுதான் மிகக் கொடியது. காலையில் கிழக்குச் சரிவில் படும் வெயிலின் ஒரு பகுதி இரவு ஈரத்தை உலர்த்துவதில் போய்விடும். தென்மேற்கில் வெயில் படும்போது மண் ஏற்கெனவே காய்ந்து, காற்றும் சூடேறியிருக்கும்.

உயரத்தை எழுதிக்கொண்டே இறங்குங்கள்

விளிம்பிலிருந்து கொலராடோ ஆறு வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். காற்று வறண்டிருப்பதால் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி வெப்பம் கூடும். மழை குறையும்: தெற்கு விளிம்பில் ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர், ஆற்றங்கரையில் ஏறத்தாழ அதில் பாதி. சில மணி நேர நடையில் காட்டிலிருந்து பாலைவனத்துக்குப் போய்விடுகிறோம்.

சி. ஹார்ட் மெரியம் என்ற அமெரிக்க இயற்கையியலாளர் 1889-இல் இந்தப் பகுதியிலும் அருகிலுள்ள சான் பிரான்சிஸ்கோ சிகரங்களிலும் சுற்றிவிட்டுத்தான், உயரத்தைப் பொறுத்து உயிரினங்கள் வளையம் வளையமாக அமைகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் வளையங்களைக் கோடு போட்டதுபோல் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் தாங்கக்கூடிய வெப்பத்துக்கும் வறட்சிக்கும் தனித்தனி எல்லை உண்டு. ஒரு செடி நின்றுபோன இடத்திலேயே கூட்டத்திலுள்ள மற்றவையும் நின்றுவிடுவதில்லை. ஜூனிபர் முதலில் நெருக்கமாக இருக்கும், அப்புறம் அங்கொன்று இங்கொன்று, அப்புறம் நிழலான ஓடைகளில் மட்டும், அப்புறம் இல்லை. இந்த மெல்ல மறைதலைக் கவனிப்பதுதான் இந்த நடையில் எனக்கு மிகப் பிடித்த வேலை. கடைசி ஜூனிபரை எந்த உயரத்தில், எந்தத் திசைச் சரிவில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். திரும்பும் வழியில் எதிர்த்திசைச் சரிவில் அதையே பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே திசையின் அளவு.

பாறையைக் கேளுங்கள்

இங்கே பாறைகள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. கெட்டியானவை செங்குத்துச் சுவராக நிற்கும்: மேலே கைபாப் சுண்ணாம்பு, வெளிர் நிறக் கொக்கோனினோ மணற்பாறை, நடுவில் ரெட்வால் சுண்ணாம்பு. மென்மையானவை கரைந்து சரிவாகும்: செம்மண் நிற ஹெர்மிட் ஷேல், கீழே பசுமை கலந்த பிரைட் ஏஞ்சல் ஷேல். புதர்க் கூட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சரிவுகளில்தான். சுவர்களின் விரிசல்களில் தனிச்செடிகள் மட்டும் தொற்றி நிற்கும்.

மூன்று இடங்களைக் குறிப்பாகப் பாருங்கள். ஒன்று, சுவரின் அடிவாரம். சுவர் மழையை உறிஞ்சுவதில்லை, விழுவது எல்லாம் வழிந்து அடிவாரத்துக்கு வருகிறது. அதனால் அங்கே புதர்கள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். இரண்டு, பெரிய கற்கள் உருண்டு குவிந்த சரிவு. வறண்டதுபோலத் தெரிந்தாலும் கற்களுக்கடியில் ஈரம் ஆவியாகாமல் தங்கும், ஆழ வேரோடும் புதர்களுக்கு அது நல்ல இடம். மூன்று, வழுவழுப்பான களிமண் சரிவு. மழை உள்ளே இறங்காமல் மேலேயே ஓடிவிடும். அங்கே செடிகள் சிறியவை, இடைவெளிகள் பெரியவை. ஒரே உயரத்தில், ஒரே திசையில், சில அடி தூரத்தில் புதர்க் கூட்டம் மாறினால் முதலில் காலடி மண்ணைப் பாருங்கள்.

பிளாக்பிரஷ்: முதலில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்

பள்ளத்தாக்கின் நடுவில், உள்மடுவுக்கு (ஆறு ஓடும் குறுகிய ஆழமான பிளவுக்கு) மேலே, ஒரு அகலமான படி போல டோண்டோ மேடை நீண்டு கிடக்கிறது. ஏறத்தாழ 900 முதல் 1,200 மீட்டர் உயரம். ஸ்கெலிட்டன் பாயின்டில் நின்று பைனாகுலரில் கீழே பார்த்தால், அந்த மேடை முழுக்க நாற்று நட்டதுபோல் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் கரும்புள்ளிகள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை பிளாக்பிரஷ்.

பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் குளிர்ந்த மாதங்களில், நடைப் பழக்கம் உள்ளவர்கள், ஹவசுபாய் கார்டன்ஸ் தாண்டி பிளாட்டோ பாயின்ட் வரை போகலாம். போக மட்டும் 6.1 மைல். இரவு தங்கிப் போவது உத்தமம். அதற்கு முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும்.

அடையாளம்: முழங்காலிலிருந்து இடுப்பு வரை உயரம். சாம்பல் தண்டு, வயதானாலோ நனைந்தாலோ கறுக்கும். கிளைகள் ஏறத்தாழச் செங்கோணத்தில், எதிரெதிராக, ஜோடி ஜோடியாகப் பிரியும். நுனிகள் முள் போல முடியும். ரோஜாக் குடும்பத்துச் செடிகளில் இலையும் கிளையும் எதிரெதிராக வருவது அரிது, அதனால் இந்த ஒரு குறியே பெரும்பாலும் போதும். ஆமாம், இது ரோஜாக் குடும்பம். ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். மஞ்சளாகத் தெரிவது பொதுவாக இதழ்கள் அல்ல, நான்கு புல்லி இதழ்கள்.

இதன் பேரினத்தில் இந்த ஒரே ஒரு இனம்தான் இருக்கிறது. வளர்வது மிக மெதுவாக. எல்லா ஆண்டும் காய்க்காது, சில ஆண்டுகளில் ஏராளமாகக் காய்க்கும். கங்காரு எலிகளைப் போன்ற கொறிணிகள் விதைகளைச் சேர்த்து மண்ணில் புதைத்து வைக்கும். தின்னாமல் விட்டவை மழை பெய்தபின் ஒரே குழியிலிருந்து கொத்தாக முளைக்கும். அப்படி ஒரு கொத்து நாற்றைப் பார்த்தால் நின்று பாருங்கள், அது அபூர்வமான காட்சி. மலையாடுகளான பிக்ஹார்ன் ஆடுகள் இதன் நுனிகளை மேயும். கடும் வறட்சியில் இலைகளை உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல் நிற்கும், மழை வந்தால் திரும்பத் துளிர்க்கும்.

வடக்கே கிரேட் பேசின் குளிர்பாலையில் சேஜ்பிரஷ் என்ற புதரின் ஆட்சி. தென்மேற்கே மொஹாவி வெப்பப் பாலையில் கிரியோசோட் என்ற புதரின் ஆட்சி. இரண்டுக்கும் இடையிலுள்ள நடுவெப்பப் பட்டை பிளாக்பிரஷுடையது. மொஹாவி, சோனோரா, கிரேட் பேசின் என்ற மூன்று பாலைவனங்களின் செடிகளும் சந்திக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், டோண்டோ மேடையில் பிளாக்பிரஷ் பரவியிருப்பதே உங்களுக்கு இடத்தைச் சொல்லிவிடும்.

அப்புறம் இந்தச் சில செடிகள்

மார்மன் டீ. இலையே இல்லாத பச்சைக் குச்சிகளின் கட்டு. கணுக் கணுவாக இருக்கும், இலைகள் கணுவில் செதில்களாகச் சுருங்கிவிட்டன. தண்டே உணவு தயாரிக்கிறது. பூக்காத தாவர வகை, பைன் மரத்துக்குத் தூரத்து உறவு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பிளாக்பிரஷுக்கு இது கிட்டத்தட்ட நிரந்தரத் துணை. பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் உள்ள ராம்பார்ட் குகையில் பனியுகத்தில் வாழ்ந்த ஸ்லாத் என்ற தரைவாழ் விலங்குகளின் சாணம் குவிந்து கிடந்தது. மாட்டளவு பெருத்து, அழிந்துபோன அந்த விலங்குகள் தின்றவற்றில் இந்தச் செடியும் இருந்தது சாணத்திலேயே தெரிந்தது.

பிரிட்டில்புஷ். கீழே உள்மடுவின் கருமையான சிஸ்ட் பாறைச் சரிவுகளில் அரைக்கோளமாக வளரும் வெள்ளிச் சாம்பல் புதர். மார்ச், ஏப்ரலில் சூரியகாந்திக் குடும்பத்து மஞ்சள் பூக்கள் நீண்ட காம்புகளில் புதருக்கு மேலே நிற்கும். உருப்பெருக்கியை இங்கே எடுங்கள். இலை வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதை மூடிய முடிகள். அவை வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. ஈரம் உள்ள காலத்தில் வரும் இலைகள் பச்சையாக, முடி குறைந்து இருக்கும். வறட்சியில் வருபவை சிறியவை, வெண்மை கூடியவை. ஒரே செடியில் இரண்டையும் பார்க்கக் கிடைத்தால், கடைசி மழை எப்போது பெய்தது என்று கணிக்கப் பழகலாம். இந்தப் புதர் உறைபனியைத் தாங்காது. எனவே இது தொடங்கும் இடத்தை வெப்பப் பாலையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம்.

யூட்டா அகவே. தமிழ்நாட்டில் ரயில் பாதை ஓரங்களிலும் வேலிகளிலும் நிற்கும் ஆனைக் கற்றாழையின் உறவு, அளவில் மிகச் சிறியது. சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் பாருங்கள். பல ஆண்டுகள் தரையோடு தரையாக மாவுச்சத்தைச் சேர்த்து வைத்து, ஒரே ஒரு முறை ஆளுயரத்துக்கும் மேலாகப் பூத்தண்டை அனுப்பி, விதைத்துவிட்டுச் சாகும். ஹவசுபாய், ஹுவாலப்பாய், தெற்குப் பையூட் பழங்குடி மக்கள் பூக்கும் முன் இதன் நடுக்கிழங்கை எடுத்துக் குழியில் சுட்டுத் தின்றார்கள். நெருப்பில் வெடித்த கற்கள் வளையமாகக் குவிந்து கிடக்கும் அந்தக் குழிகள் இன்னும் சரிவுகளில் இருக்கின்றன. கண்டால் தள்ளி நின்று பாருங்கள், ஒரு கல்லையும் அசைக்காதீர்கள்.

நான்கு சிறகு சால்ட்புஷ். நம் கீரைகளின் குடும்பம். உப்பும் வண்டலும் கலந்த மண்ணில், வெளுத்த பச்சையில், கையைத் தேய்த்தால் மாவு ஒட்டுவதுபோல் இருக்கும். கனியில் நான்கு இறக்கைகள். ஹோப்பி மக்கள் நீலச் சோளத்தில் பிக்கி என்ற மெல்லிய அப்பம் செய்யும்போது, நீல நிறம் நிற்பதற்கு இதன் சாம்பலைச் சேர்ப்பார்கள்.

கள்ளிகளில் பீவர்டெயிலும் பீப்பாய்க் கள்ளியும் போதும். பீவர்டெயில் நம் சப்பாத்திக்கள்ளியின் உறவு. பெரிய முள் இல்லையே என்று தொடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத ரோம முட்கள் விரலில் ஏறிவிடும். படங்களில் வரும் கைதூக்கிய சாகுவாரோ கள்ளியை இங்கே தேட வேண்டாம். அது அரிசோனாவின் தெற்கே வளர்வது.

ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைப்பது

சரி, இப்போது நோட்டை எடுங்கள். தடத்தை விட்டு இறங்காமல், சுற்றி ஏறத்தாழ 10 மீட்டர் வட்டத்தை மனதில் வரையுங்கள். எந்தப் புதர் அதிக இடத்தை மூடியிருக்கிறது? எண்ணிக்கையில் அதிகம் எது என்பதல்ல கேள்வி, நிழல் அதிகம் எது என்பது. அடுத்து எது? இடையில் இருப்பது கல்லா, மண்ணா, புல்லா? முதல் இரண்டு செடிகளைச் சேர்த்து 'பிளாக்பிரஷ்–மார்மன் டீ' என்று எழுதுங்கள். சூழலியலாளர்களும் பெரும்பாலும் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். பக்கத்தில் உயரம், திசை, பாறை, தேதி.

புதர்கள் எத்தனை சதவீதம் மூடியிருக்கின்றன என்பதையும் கணித்து எழுதுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: சமதரையில் நின்று பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றின் பின்னால் ஒன்றாகத் தெரிந்து, எல்லாரும் அதிகமாகவே சொல்வார்கள். தடத்தின் மேல் வளைவில் நின்று கீழ் வளைவின் சரிவைப் பாருங்கள். அப்போதுதான் வெறும் தரை எவ்வளவு என்று தெரியும். பெரும்பாலான இடங்களில் பாதிக்கு மேல் கல்லும் மண்ணும்தான். அந்த வெற்றிடம் வீண் அல்ல, தரைக்கடியில் வேர்கள் பங்கு போட்டுக்கொண்ட நிலம். மேலே ஒன்றும் இல்லாத இடத்திலும் கீழே யாரோ நீர் குடிக்கிறார்கள்.

ஒவ்வொரு பெரிய புதரின் அடியிலும் எட்டிப் பாருங்கள். நிழலில் மண் குளிர்ந்திருக்கும், உதிர்ந்த இலைகளில் சத்து இருக்கும், மேயும் விலங்கின் வாய் எட்டாது. கள்ளிக் கன்றுகள் பல முதல் சில ஆண்டுகளை அங்கேதான் கழிக்கின்றன.

தண்ணீர்க் கோடுகளைத் தேடுங்கள்

சரிவின் குறுக்கே ஓடும் வறண்ட ஓடைகளில் ஒரே அடியில் எல்லாம் மாறும். கேட்கிளா என்ற முட்புதர் அங்கே வந்துவிடும். வளைந்த முட்கள் சட்டையைப் பிடித்தால் விடாது, பின்னால் ஒரு அடி நகர்ந்துதான் கழற்ற வேண்டும். அப்புறம் மெஸ்கீட். இதைப் பார்த்ததும் தமிழ்நாட்டுக்காரர்கள் நின்றுவிடுவார்கள்: சீமைக்கருவேலம்! நெருங்கிய உறவுதான். நம் ஊரில் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்ட அதன் சொந்தம், இங்கே தன் தாய்மண்ணில், ஓடைக்கரைகளிலும் ஆற்றோரத்திலும் அளவோடு நிற்கிறது. காய்களை நரி இனத்துக் கயோட்டிகள் தின்கின்றன. பழங்குடி மக்கள் அவற்றை மாவாக்கி உண்டார்கள். ஒரு செடியைப் பற்றி முடிவு சொல்வதற்கு முன் அதன் சொந்த இடத்தில் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இந்த மரத்தால்தான்.

ஆற்றங்கரையில் மெஸ்கீட்டும் கேட்கிளாவும் நீரை ஒட்டி நிற்காமல் சற்று மேலே ஒரு வரிசையாக நிற்பதைக் கவனியுங்கள். அது பழைய வெள்ளக் கோடு. மேலே கிளென் கேன்யன் அணை 1963-இல் நீரைத் தேக்கத் தொடங்கும் வரை, ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளம் அதற்குக் கீழே இருந்ததை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் நின்றபின் அந்தக் காலி இடத்தில் டாமரிஸ்க் என்ற வெளிநாட்டுச் செடி புகுந்தது.

ஹவசுபாய் கார்டன்ஸில் காட்டன்வுட் மரங்களின் நிழல் திடீரென்று வரும். ஹவசுபாய் மக்கள் தலைமுறைகளாகப் பயிர் செய்த இடம் அது. பூங்கா வந்தபின் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் பெயர் இடத்துக்குச் சூட்டப்பட்டது 2022-இல்தான்.

காலை எங்கே வைக்கக் கூடாது

புதர்களுக்கு இடையே மண் கறுத்து, சின்னச் சின்ன மேடுகளாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது உயிருள்ளது. சயனோபாக்டீரியா, பாசி, கற்பாசி எல்லாம் சேர்ந்து மண்ணைப் பிணைத்து வைத்திருக்கின்றன. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. ஒரு மிதியில் உடையும், திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகும். நல்ல படம் வேண்டும் என்று தடத்தை விட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. போனில் பெரிதாக்கி எடுங்கள், போதும். இலை, பூ, விதை எதையும் பறிப்பது சட்டப்படியும் குற்றம்.

இன்னொன்றையும் நோட்டில் எழுதுங்கள்: புதர்களுக்கு இடையே காய்ந்த ஒருபருவப் புல் இருக்கிறதா? செம்புரோம், சீட்கிராஸ் என்ற இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. இந்தப் புதர்க்காடு பெரும் தீக்குப் பழகியதல்ல, வெற்றிடமே அதன் பாதுகாப்பு. அந்த இடைவெளியைப் புல் நிரப்பினால் தீ ஒரு புதரிலிருந்து அடுத்ததற்கு ஓடும். எரிந்த பிளாக்பிரஷ் அடியிலிருந்து துளிர்ப்பது அபூர்வம், விதையிலிருந்து திரும்பி வருவதற்கு மனித ஆயுள் போதாது. எரிந்த இடத்தில் புல் மேலும் பெருகும், அடுத்த தீ சீக்கிரம் வரும். பசுமையாக இருக்கிறதே என்று மகிழ வேண்டிய பச்சை அல்ல அது.

அடுத்த முறை எங்கே?

நடக்க முடியாதவர்களை அழைத்துப்போவதானால் கிழக்கே லீஸ் ஃபெரிக்குப் போங்கள். கார் ஆற்றங்கரை வரை போகும். சால்ட்புஷ் வகைகளையும் மார்மன் டீயையும் நிழற்கொட்டகைப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

கிரியோசோட்டும் ஒகோட்டியோ என்ற முட்புதரும் பார்க்க மேற்கே போக வேண்டும். பீச் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து டயமண்ட் கிரீக் வழியே ஆற்றுக்கு இறங்கும் மண் சாலை ஹுவாலப்பாய் மக்களின் நிலத்தில் போகிறது, அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். கிரியோசோட் நம் நெருஞ்சியின் குடும்பம், அந்த மஞ்சள் ஐந்திதழ்ப் பூவைப் பார்த்தால் சாயல் தெரியும். மழைக்குப்பின் அதன் மணம் சரிவு முழுக்க நிற்கும்.

இரண்டாம் முறை போகும்போது பழைய நோட்டையும் எடுத்துச்செல்லுங்கள். முன்பு எழுதிய அதே வளைவுகளில், வேறு பருவத்தில், அதே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பாறைப் பொந்துகளில் குச்சியும் முள்ளும் குவிந்து தார் போல இறுகிய கட்டிகள் தெரிந்தால் கலைக்காமல் விடுங்கள். அவை பேக்ராட் எலிகளின் பழைய குப்பைகள், சிறுநீரில் பதமாகி உலர்ந்தவை. சில பல்லாயிரம் ஆண்டுப் பழமையானவை. அவற்றிலுள்ள இலைத் துணுக்குகளை வைத்துத்தான், இன்று பாலைப் புதர் நிற்கும் சரிவுகளில் பனியுகத்தில் ஜூனிபர் நின்றது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பொந்து எந்த உயரத்தில் இருந்தது என்பதையும், இன்று அதைச் சுற்றி எந்தக் கூட்டம் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு மேலே நடக்கலாம்.